சறுக்குக்கால் வைத்த பழைய எலக்ட்ரோலக்ஸ்: மாடல் எது, முதல்முறை எப்படி ஓட்டிப் பார்ப்பது?

தூசிதட்டி எழுதியது:

வணக்கம். நியூஜெர்சியில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் எடுத்த வாக்குவம் கிளீனர். உருளை உடம்பு, சுமார் இரண்டடி நீளம். அடியில் பனிச்சறுக்கு வண்டிக்கு இருப்பதுபோல் இரண்டு உலோகச் சறுக்குக்கால்கள், சக்கரம் கிடையாது. முன்மூக்கும் பின்பக்கமும் வழவழவென்று வளைந்த வார்ப்பு. நடு உடம்பில் தோல்போலச் சொரசொரப்பான கருஞ்சாம்பல் உறை. எலக்ட்ரோலக்ஸ் என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. தகட்டில் 110-120 வோல்ட் என்பது மட்டும் படிக்க முடிகிறது, மாடல் இருக்க வேண்டிய இடம் தேய்ந்துவிட்டது. உள்ளே பை இல்லை. ஹோஸ் துணிப்பின்னல் போட்டது, இரண்டு முனையிலும் வெடித்திருக்கிறது. கரண்ட் ஒயரின் ரப்பர் மடித்தால் பொடியாக உதிர்கிறது. இன்னும் பிளக்கைச் சொருகவில்லை.

என்ன மாடல், எந்தக் காலம்? முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? பை இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாமா? அடுத்த வருடம் திருச்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம், 230 வோல்ட்டில் என்ன செய்வது?


வார்ப்பெண் எழுதியது:

விவரிப்பை வைத்துப் பார்த்தால் அமெரிக்க எலக்ட்ரோலக்ஸின் மாடல் 30. ரோமன் எண்ணில், மூன்று எக்ஸ் எழுத்தாக எழுதுவார்கள். அப்படியே இணையத்தில் தேடினால் வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும், பக்கத்தில் எலக்ட்ரோலக்ஸ் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1937-ல் வந்தது. வடிவமைத்தவர் லுரெல் கில்ட். ரயில் எஞ்சினுக்கும் விமானத்துக்கும் கொடுத்த காற்றோட்ட வடிவத்தை வீட்டுச் சாமான்களுக்கும் கொடுத்த காலம் அது. தரையில் மெதுவாக நகர்கிற பெட்டிக்கு அந்த மூக்கு எதற்கு என்றால், வீடு வீடாகப் போய் விற்பதற்குத்தான். ஆலை கனெக்டிகட் மாநிலத்து ஓல்ட் கிரீன்விச். 1950-களின் முற்பகுதி வரை இதையே விற்றார்கள், அதனால் அபூர்வம் என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டி, துணிப்பை, எல்லா முனைக்கருவிகளும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம்.

சறுக்குக்காலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்வீடனில் 1921-ல் வந்த மாடல் 5-லேயே அது உண்டு, மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றின. மாடல் 30-க்கு முந்தைய மாடல் 12 பார்ப்பதற்கு வெறும் குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், மூக்கில் இந்த ஓட்டம் இருக்காது. பிந்தையதான எல்எக்ஸ் 1952-ல் வந்தது. அதில் காகிதப்பை நிறைந்ததும் மெஷின் தானே நின்று முன்மூடி திறந்துகொள்ளும். ஆகவே உங்கள் முன்மூடியைத் திறந்து பாருங்கள். தானாக நிறுத்துவதற்கான விசை, நெம்புகோல் எதுவும் இல்லாமல் வெறும் கொக்கிப் பூட்டும் பை உட்காரும் வளையமும் மட்டும் இருந்தால் மாடல் 30 என்ற முடிவு இன்னும் பலப்படும்.

காலத்தைச் சுருக்க ஒரு வழி உண்டு. 1942-ல் போர்க்கால உத்தரவால் அமெரிக்காவில் வீட்டு வாக்குவம் கிளீனர் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆகவே இது ஒன்று 1937-42, இல்லையென்றால் போருக்குப் பின். இரண்டில் எது என்பதைத் தொடர் எண்தான் சொல்லும். தேய்ந்த தகட்டின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். அதில் வராவிட்டால் இருட்டு அறையில் டார்ச்சைத் தகட்டுக்கு இணையாகச் சாய்த்து அடித்துப் படம் எடுங்கள். முத்திரை குத்திய எண் என்றால் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் நிழலில் தெரியும். ஒருபோதும் பாலிஷ் போட்டுத் துடைத்து எண்ணைத் தேடாதீர்கள், இருக்கிறதும் போய்விடும்.

ஒயரையும் ஹோஸையும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள், இரண்டுமே மாற்றப்படும் சாமான்கள். அதோடு, பழைய எலக்ட்ரோலக்ஸ்களை வாங்கிப் பிரித்து, பெயின்ட் அடித்து மறுபடி விற்ற கடைகள் அங்கே நிறைய இருந்தன. உறையின் ஓரத்தில் மூடிக்கு அடியில் வேறு நிறம் எட்டிப் பார்த்தாலோ, உறையின் சொரசொரப்புப் பெயின்டில் நிரம்பி மழுங்கியிருந்தாலோ அப்படிப் பிரிந்து சேர்ந்த மெஷின். முன்மூடி ஒரு வருடத்தது, மோட்டார் இன்னொரு வருடத்தது என்று இருக்கலாம்.

இன்னொன்று. இங்கிலாந்தில் லூட்டன் ஆலையில் செய்த எலக்ட்ரோலக்ஸும் உருளைதான், ஆனால் தகட்டில் 200-க்கு மேல் வோல்ட் இருக்கும். உங்களுடையது 110-120 என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. அமெரிக்கக் கம்பெனி பிற்பாடு ஸ்வீடன் தாய்க் கம்பெனியிலிருந்து பிரிந்து, 2000-களின் தொடக்கத்தில் ஏரஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. இந்தியாவில் எலக்ட்ரோலக்ஸ் சர்வீசைக் கூப்பிட்டு இதற்கு உதிரிபாகம் கேட்பதில் பயனில்லை.


சீரிஸ்பல்பு எழுதியது:

மாடலை அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல அந்த ஒயரை வெட்டிப் போடுங்க. ரப்பர் உதிர்ற ஒயரோட எந்தச் சோதனையும் வேண்டாம். உடம்பு முழுக்க உலோகம், ஒயர் இரண்டே இரண்டு கம்பி, எர்த் கிடையாது. உள்ள ரப்பர் உதிர்ந்து கம்பி உடம்பைத் தொட்டா, கையில பிடிக்கிற குரோம் முழுக்கக் கரண்டுதான்.

வெட்டினதுக்கு அப்புறம் மீட்டரை ஓம்ல வெச்சு, சுவிட்சை ஆன் பண்ணி, ரெண்டு கம்பிக்கும் நடுவுல அளங்க. இந்த மாதிரி மோட்டார்ல சில ஓம் வரணும், ஒற்றை இலக்கத்துலதான் இருக்கும். ஒண்ணுமே காட்டலைன்னா பதற வேண்டாம். முக்கால்வாசி நேரம் கார்பன் பிரஷ் கூட்டுக்குள்ள ஒட்டிக்கிட்டு, சுழலியில இருக்கிற செம்புப் பட்டை வளையத்தை, அதாவது கம்யூட்டேட்டரைத் தொடாம நிக்கும், இல்ல சுவிட்சுக்குள்ள பச்சை பிடிச்சிருக்கும். மீட்டரைப் பாத்துக்கிட்டே சுழலியைக் கையால மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல காட்டி ஒரு இடத்துல காட்டாம போனா கம்யூட்டேட்டர் அழுக்கு, இல்ல அந்தப் பட்டையோட சுருள் அறுந்திருக்கு.

அடுத்தது உடம்புக் கசிவு. ரெண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி, அதுக்கும் உலோக உடம்புக்கும் நடுவுல 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கிற மீட்டர்) போடுங்க. உள்ள ரேடியோ இரைச்சலைத் தடுக்கக் கண்டன்சர் போட்டிருந்தா அதோட ஒரு முனையை முதல்ல கழட்டிடுங்க. பழைய காகிதக் கண்டன்சர் கசியும், அதைத் திரும்ப மாட்டவே வேண்டாம். 1 மெகாஓமுக்குக் கீழ வந்தா ஓட்டாதீங்க. சாதா மல்டிமீட்டர் இதுக்கு உதவாது, அது கொடுக்கிற சில வோல்ட்ல ஈரம் பிடிச்ச சுருளும் நல்லாத்தான் காட்டும்.

புது ஒயர், அமெரிக்கக் கணக்குல 18 கேஜ், வாக்குவத்துக்குன்னே விக்கிற மெலிசான ரப்பர் ஒயர் 20 அடி போதும். உள்ள நுழையற துவாரத்துல ரப்பர் புஷ் கட்டாயம், உள்பக்கம் ஒரு முடிச்சு இல்ல இழுவைக் கவ்வி கட்டாயம். ஒயரைப் பிடிச்சு மெஷினை இழுக்கிறதுதான் எல்லாரும் பண்றது, அப்ப இழுவை முடிச்சுலதான் விழணும், டெர்மினல்ல விழக்கூடாது.

நான் மூணு கம்பி ஒயரைத்தான் சொல்வேன். அசல்தன்மை போயிடும்னு சிலர் சொல்வாங்க. எர்த் கம்பியை உடம்பு எஃகுல ஒரு மறைவான திருகுக்கடியில, பெயின்டைச் சுரண்டிட்டு, பல் வாஷர் வெச்சு இறுக்குங்க. வெளியில இருந்து பாத்தா தெரியாது. திரும்ப எடுக்கிறதும் ஒரு திருகு வேலைதான்.

இதெல்லாம் முடிஞ்சதும் சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பை மெஷினோட தொடர்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு முழுசா எரிஞ்சா ஷார்ட், மங்கலா எரிஞ்சா சரி.


ரொறன்ரோ உருளை எழுதியது:

சீரிஸ்பல்பு சொன்ன எல்லாத்தோடையும் எனக்கு உடன்பாடு, கடைசி வரியைத் தவிர. ரேடியோவுக்கு அந்தக் கணக்குச் சரி. வாக்குவம் மோட்டருக்குச் சரிவராது. 120 வோல்ற்றிலை 100 வாட் பல்பு முழுசா எரியேக்கை 0.83 அம்பியர்தான் விடும். மோட்டருக்குத் தேவை அதைவிடப் பல மடங்கு. அதாலை நல்ல மோட்டரா இருந்தாலும் பல்பு கிட்டத்தட்ட முழு வெளிச்சத்திலைதான் நிக்கும். அதைப் பாத்து ஷோர்ட் எண்டு நினைச்சு நல்ல மோட்டரை எறிஞ்ச ஆக்களும் இருக்கினம். பல்பைப் பாக்காதேங்கோ, சுழலியைப் பாருங்கோ. பல்பு எரிஞ்சபடி சுழலி மெதுவாச் சுத்தத் தொடங்கினால் மோட்டருக்கு உயிர் இருக்கு. பல்பு பளிச்செண்டு எரிஞ்சு, கையாலை தட்டிவிட்டும் சுத்தாட்டில் மட்டும்தான் சந்தேகப்பட வேணும். வேரியக் (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர்) இருந்தால் இன்னும் நல்லம், 30 வோல்ற்றிலை தொடங்கி இருபது இருபதாய்க் கூட்டுங்கோ, ஒவ்வொரு படியிலும் ரெண்டு நிமிசம் பொறுத்து, மணமும் சத்தமும் கவனியுங்கோ.

பை இல்லாமல் ஓட்டலாமோ எண்ட கேள்விக்கு: வெறுமனே, ஹோஸ் பூட்டாமல், சுத்தமான மேசையிலை அரை நிமிசம் எண்டால் ஒண்டும் வராது. ஒரு துளி தூசியையும் உறிஞ்ச விடாதேங்கோ. காரணம் காத்துப் போற வழி. எலக்ட்ரோலக்ஸ் உருளையிலை காத்து முன்னாலை நுழைஞ்சு, பை, பிறகு விசிறி, பிறகு மோட்டருக்குள்ளாலையே போய்ப் பின்னாலை வெளியேறும். மோட்டரைக் குளிர்விக்கிறதே அந்தக் காத்துத்தான். பை இல்லாட்டில் தூசி முழுக்கச் சுருளிலையும் பேரிங்கிலையும் படியும். ஹூவர் மாதிரியான பழைய நிமிர்ந்த மெசின்களிலை கதை வேறை, அங்கை ஊத்தைக் காத்து விசிறிக்குள்ளாலை போய்ப் பிறகுதான் பைக்குப் போகும், மோட்டர் தனிய. அதிலை ஒரு சில்லறைக் காசு போனாலும் விசிறி இதழ் உடையும். உங்கட மெசினிலை அந்தப் பயம் இல்லை, ஆனால் பை நிறைஞ்சால் குளிர்ச்சியும் நிண்டுபோகும்.

இதோட சேந்த ஒரு மயக்கம்: வாயைக் கையாலை பொத்தினால் சத்தம் கீச்செண்டு ஏறும். மோட்டர் கஷ்டப்படுது எண்டு நினைப்பினம். உண்மையிலை தள்ளக் காத்து இல்லாததாலை சுமை குறைஞ்சு வேகம் கூடுது, மின்னோட்டம் குறையுது. சூடேறுறது காத்தோட்டம் இல்லாததாலைதான். பொத்தியும் சத்தம் ஏறாட்டில் எங்கையோ காத்து ஒழுகுது எண்டு அர்த்தம்.

ஒழுக்கைப் பிடிக்க 10 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் குழாய் மூண்டு மீற்றர் வாங்கி ஒரு பலகையிலை யு வடிவமா ஆணியடிச்சு, பாதிக்குத் தண்ணி விடுங்கோ. ஒவ்வொரு கையும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் உயரம் வேணும், இல்லாட்டில் தண்ணியை மெசின் குடிச்சுப் போடும். ஒரு முனையை ரப்பர் அடைப்பானிலை செருகி, முதலிலை மெசின் வாயிலை நேர வைச்சு உயர வித்தியாசத்தை அளவுங்கோ. பிறகு ஹோஸைப் பூட்டி அதின்ரை நுனியிலை வையுங்கோ. காத்து ஓடாத நிலையிலை ரெண்டும் ஒரே அளவாத்தான் வரவேணும். ஹோஸ் நுனியிலை பத்திலை ஒரு பங்குக்கு மேலை குறைஞ்சால் ஹோஸ் ஒழுகுது.

பின்னல் ஹோஸ் அநேகமாய் முனையிலைதான் வெடிக்கும், அங்கைதான் வளைவு கூட. வெடிச்ச பகுதியைத் தாண்டி ஒரு அங்குலம் உள்ளுக்கு வெட்டி, உலோக முனையைக் கழற்றித் திரும்பப் பூட்டலாம். உள்ளுக்கு இருக்கிற சுருள் கம்பியைக் குறட்டாலை வெட்டினால் கூரான நுனி நிக்கும், அதை அரத்தாலை தட்டையாக்காட்டில் புதுசா ஒரு ஓட்டை அதுவே போடும். நடு உடம்பு முழுக்க ஒழுகினால் அந்த ஹோஸைக் காட்சிக்கு வைச்சிட்டு, பாவிக்க வேறை ஒண்டு எடுங்கோ. டேப் சுத்தாதேங்கோ, அதின்ரை பசை பின்னலுக்குள்ளை போனால் பிறகு எதுக்கும் வராது.

பை தைக்கிறது சுலபம். மொத்தமான பருத்தி ஃபிளனல், மயிர்ப்பக்கம் உள்ளுக்கு வரவேணும். கான்வஸ் பாக்க உறுதி, ஆனால் இழை இடைவெளியாலை மெல்லிய தூசி தப்பும். தையல் ரெட்டை, ஓரத்தை மடிச்சு, ஊசித் துவாரம் ரெண்டும் ஒண்டின்மேல் ஒண்டு வராமல். வாய் அளவை முன்மூடி வளையத்திலை காகிதம் வைச்சுப் பதிச்சு எடுங்கோ. கடையிலை எலக்ட்ரோலக்ஸ் சி வகைப் பை எண்டு விக்கிறது 1205 போன்ற பிந்தின மெசின்களுக்கானது, அதை இதுக்குள்ளை அமுக்கிப் பூட்டாதேங்கோ.

முதல்தரம் பிரிக்கிறதை வெளியிலை, என்95 முகமூடியோட செய்யுங்கோ. ஐம்பது வருசத் தூசி, அந்தக் காலத்து ஈயப் பெயின்ட் துகளும் அதிலை இருக்கும். பூச்சி மருந்துப் பளிங்கு போட்டு ஊதுற கிண்ணம் முனைக்கருவிகளோட கிடைச்சால் காட்சிக்கு மட்டும்.


தூசிதட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்மூடியில் கொக்கிப் பூட்டு மட்டும்தான், தானியங்கி விசை எதுவும் இல்லை. பென்சில் தேய்ப்பில் இரண்டு எக்ஸ் தெளிவாகவும் மூன்றாவது பாதியாகவும் வந்தது.

ஒயரை வெட்டியபின் அளவுகள்: கம்பிக்குக் கம்பி 5.2 ஓம், சுற்றும்போது இரண்டு இடங்களில் 30 ஓம் வரை துள்ளுகிறது. மெக்கரில் உடம்புக்கு 0.3 மெகாஓம். கண்டன்சர் எதுவும் இல்லை. கார்பன் ஒன்று 14 மி.மீ., இன்னொன்று 9 மி.மீ. சுழலி சுற்றும்போது மணல் அரைப்பதுபோல் ஒரு உரசல். மோட்டார் எரிந்துவிட்டதா?


சீரிஸ்பல்பு எழுதியது:

முதல்ல, பல்பு விஷயத்துல ரொறன்ரோக்காரர் சொன்னதுதான் சரி, என் வரியை அடிச்சிடுங்க.

மோட்டார் எரியல சார். எரிஞ்ச சுருள்ல வார்னிஷ் கறுத்து, காய்ஞ்சு, மூக்கை வெச்சா எரிஞ்ச மணம் வரும். 0.3 மெகாஓமுக்குக் காரணம் பெரும்பாலும் கார்பன் தூளும் ஈரமும்தான். பிரஷ் தேயத் தேய அந்தத் தூள் கூட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல கறுப்புப் பாதை போட்டுடும். கார்பன் கரண்டைக் கடத்தும், அதான் மெக்கர் கீழ இறங்குது.

ரெண்டு பிரஷ்ஷையும் வெளிய எடுங்க. எடுக்கும்போதே எது எந்தப் பக்கம், எந்த முகம் மேல இருந்ததுன்னு குறி போட்டுக்கணும். மாத்திப் போட்டா தேய்ஞ்ச வளைவு உட்காராது, பொறி பறக்கும். கூட்டைச் சுத்தி இருக்கிற மின்காப்புத் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சுக் குச்சியால துடைங்க, பஞ்சு கறுக்காம வர்ற வரைக்கும். சுருள் மேல ஆல்கஹாலை ஊத்தாதீங்க, பழைய வார்னிஷ் ஷெல்லாக்கா இருந்தா கரைஞ்சிடும். சுருளுக்கு மென்மையான பிரஷ்ஷும் குறைஞ்ச அழுத்தக் காத்தும் போதும். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியில மோட்டாரை வெச்சு, அட்டையிலும் மோட்டாரிலும் படாம 40 வாட் குண்டு பல்பு ஒண்ணைத் தொங்கவிட்டு, மேல ரெண்டு விரல் அகலம் காத்து போக இடம் விட்டு, ஒரு நாள் முழுக்கக் காய வையுங்க. பெட்டிக்குள்ள 50-60 டிகிரி இருந்தா போதும். ஆறினதும் திரும்ப மெக்கர். பல மெகாஓம் ஏறியிருந்தா பிரச்சினை முடிஞ்சது. அசையவே இல்லைன்னா ஆர்மேச்சரையும் (சுழலியோட சுருள்) ஃபீல்டு சுருளையும் (சுத்தாம நிக்கிறது) தனித்தனியா அளந்து எதுன்னு பிடிக்கணும்.

30 ஓம் துள்ளுறது அந்த இடத்துப் பட்டை அழுக்கு. 600 நம்பர் உப்புத்தாளை ஒரு இஞ்ச் பட்டையா வெட்டி, கம்யூட்டேட்டரைச் சுத்தி லேசா தேய்ங்க. எமரித்தாள் வேண்டவே வேண்டாம், அந்தத் துகள் கடத்தும், பட்டைக்கு நடுவுல உட்கார்ந்தா அதுவே ஷார்ட். பட்டைகளுக்கு இடையில இருக்கிற பள்ளத்தை மூங்கில் குச்சியால சுரண்டுங்க. செம்பு பழுப்பு நிறத்துல பளபளன்னு இருந்தா அது அழுக்கு இல்ல, பிரஷ் போட்ட நல்ல படலம், அதைத் தேய்க்காதீங்க. கறுப்பா, சொரசொரன்னு இருக்கிறதை மட்டும். முடிஞ்சதும் அடுத்தடுத்த பட்டை ஜோடிகளை அளந்து எழுதுங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். ஒரே ஒரு ஜோடி மட்டும் பாதியா இறங்கினா அந்தச் சுருள்ல ஷார்ட், ஓட்டினா வளையம் போட்ட மாதிரி நீலத்தீ சுத்தும்.

கார்பன்ல 14-க்கும் 9-க்கும் இருக்கிற வித்தியாசம்தான் எனக்கு உறுத்துது. ஒரு பக்கம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்ல கூட்டுக்குள்ள சிக்கி நின்னிருக்கு. ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. கிடைக்கலைன்னா அகலமும் தடிமனும் பெரிசா இருக்கிற கார்பனை வாங்கித் தட்டையான கண்ணாடி மேல தாளை வெச்சுத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டு வரலாம். கூட்டுக்குள்ள தானா வழுக்கி இறங்கணும், ஆனா ஆடக்கூடாது. முனை வளைவுக்குத் தாளோட சொரசொரப்பு வெளிய பாக்கிற மாதிரி கம்யூட்டேட்டர்ல சுத்தி, பிரஷ்ஷை மேல அழுத்தவிட்டு, சுழலியை ஓடுற திசையில மட்டும் திருப்புங்க. தூளை உறிஞ்சி எடுக்காம மூடினா மறுபடி 0.3-தான்.


வார்ப்பெண் எழுதியது:

மூன்றாவது எக்ஸ் பாதி தெரிந்தாலே போதும், மாடல் 30 உறுதி.

உரசல் பேரிங். எடுத்தவுடன் எண்ணெய் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கெட்டியான பழைய கிரீஸைக் கரைத்து, அதோடு மணலையும் உள்ளே கொண்டுபோகும், ஒரு வாரம் சத்தம் அடங்கியிருக்கும், பிறகு பந்து உருளும் பாதையே போய்விடும். கழற்றி, வளையத்தின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவும் எடுக்க வேண்டும்: உள்துளை, வெளிவிட்டம், தடிமன்.

இங்கே ஒரு வலை உண்டு. 608 என்ற மில்லிமீட்டர் பேரிங் எங்கும் கிடைக்கும், 8 × 22 × 7 மி.மீ. அமெரிக்க அங்குல வரிசையில் ஆர்6 என்பது வெளிவிட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.225 மி.மீ. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் 22. ஆனால் ஆர்6-ன் உள்துளை 3/8 அங்குலம், 9.525 மி.மீ. வெளிவிட்டத்தை மட்டும் அளந்து வாங்கினால் தண்டில் ஏறாது. அதைவிட மோசம், 22 மி.மீ. பேரிங் 22.225 குழியில் தளர்வாக உட்கார்ந்து, வெளிவளையம் சுற்றி அலுமினிய வார்ப்பைத் தின்னும். மோட்டார் போனாலும் வேறு போடலாம், வார்ப்பு போனால் அந்த மெஷினே போயிற்று. உங்கள் மெஷினில் எந்த அளவு இருந்தாலும் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சுத்தியால் தீர்க்க முயலாதீர்கள்.

ஏற்றும்போது தண்டில் ஏறும் பேரிங்குக்கு உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும், குழியில் இறங்கும்போது வெளிவளையத்தை மட்டும். சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டோ சாக்கெட்டோ வைத்து அழுத்துங்கள். மூடாத பேரிங் என்றால் உள்ளிருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் கிரீஸ். நிறைய வைத்தால் சுழற்சியில் கொதித்து வெளியே வழிந்து கம்யூட்டேட்டரில் ஏறும்.

மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருக்கும். அவற்றைப் பழையபடியே மாட்டினால் புதுப் பேரிங்கும் இரையும். அதே தடிமனில் நியோபிரீன் தாள் வெட்டிப் போடுங்கள்.

வெளிப்புறம்: மூக்கும் வாலும் அலுமினிய வார்ப்பு, வளையங்கள் குரோம். இரண்டுக்கும் ஒரே பாலிஷ் வேண்டாம். அலுமினியத்துக்கு மென்மையான உலோகப் பாலிஷ், நீளவாக்கில். குரோமில் துருப்புள்ளிக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்தால் எடுபடும், குரோம் உரிந்து எஃகு தெரியும் இடத்தில் அதற்கு மேல் போகாதீர்கள். உறைக்கு ஒரு கோப்பைத் தண்ணீரில் மூன்று சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், பிழிந்த துணி. தின்னர், பெட்ரோல் பட்டால் உறையின் கோலமே கரையும்.


மலைக்கோட்டை எழுதியது:

திருச்சிக் கேள்வி விட்டுப்போச்சு, அதுக்கு மட்டும் சொல்றேன்.

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் பத்திக் கவலை வேண்டாம். கார்பன் பிரஷ் வெச்ச இந்த மோட்டாருக்கு இரண்டும் ஒண்ணுதான், டிசியிலகூட ஓடும். வோல்ட்தான் பிரச்சினை. 230-ஐ நேரா கொடுத்தா சில விநாடியிலேயே ஆர்மேச்சர் கட்டு பறந்துடும்.

மெயின்கார்டு கேட் பக்கத்துக் கடையில கேட்டா சிலர் "ஒரு டயோடு போட்டாப் பாதியாயிடும் சார்" என்பாங்க. ஆகாது. பாதி அலை வெட்டினா 230 வந்து 163 வோல்ட்டாத்தான் நிக்கும், 115 இல்ல. டிம்மர் மாதிரி இருக்கிற கைக்கடக்கமான பயணக் கன்வர்ட்டரும் அதே கதைதான். சராசரியைக் குறைச்சாலும் அலை உச்சம் 325 வோல்ட் வரை அப்படியே போகும், இந்தச் சுருளுக்கு உச்சம் 170-தான் பழக்கம். ஏற்கெனவே 0.3 மெகாஓம் காட்டின மோட்டார் அதைத் தாங்குமா?

சுருள் டிரான்ஸ்பார்மர்தான் வழி. புது ஒயர் போட்டு அங்கேயே ஓட்டும்போது கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர் எடுத்துக்கிட்டு வாங்க. 4 ஆம்பியர்னு வெச்சா 120 வோல்ட்டால பெருக்கி 480 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வரும், கிளம்பும்போது இழுக்கிறதுக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் சேர்த்து 1000 விஏ, தொடர்ந்து ஓடற மதிப்புல கேளுங்க. 1000-னு ஸ்டிக்கர் ஒட்டி ஆறு கிலோகூட எடையில்லாம கொடுத்தா வாங்காதீங்க.

அதுல முக்கியம், இரண்டு தனிச் சுற்று இருக்கிற ஐசொலேஷன் வகை கேக்கணும். விலை குறைஞ்சது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், ஒரே சுற்றுல நடுவுல கம்பி எடுத்தது. அதுல பேஸும் நியூட்ரலும் இடம் மாறி வந்துட்டா, மெஷினுக்குப் போற ரெண்டு கம்பியும் தரையோட ஒப்பிட்டா ஒண்ணு 110-ஐ ஒட்டி, இன்னொண்ணு 230-லேயே நிக்கும். இரண்டு கம்பி ஒயர், உலோக உடம்பு, வெறுங்கால், மொசைக் தரை. சீரிஸ்பல்பு சொன்ன மூணு கம்பி ஒயரைப் போட்டு, எர்த்தை டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நேரா நம்ம மூணு முள் பிளக்கோட பெரிய முள்ளுக்குக் கொண்டு வாங்க. டிரான்ஸ்பார்மருக்கு முன்னாடி 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தா கரண்டை நிறுத்துற சுவிட்ச்) இருக்கட்டும், ஆனா அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க. ஐசொலேஷனுக்குப் பின்னாடி நடக்கிற கசிவு அதுக்குத் தெரியாது.

கப்பல்ல அனுப்புறதா இருந்தா ஹோஸை மடிக்காம பெரிய வட்டமா சுருட்டி வையுங்க. உருளைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், வாயை பிளாஸ்டிக்ல கட்டிடுங்க. வந்து இறங்கினதும் பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி திரும்பவும் அந்த 500 வோல்ட் மெக்கர்.


தூசிதட்டி எழுதியது:

பல்புப் பெட்டியில் 26 மணி நேரம் வைத்தபின் உடம்புக்கு 7 மெகாஓம். பட்டை ஜோடிகள் எல்லாம் சமம். பேரிங் உள்துளை வெர்னியரில் 9.52 மி.மீ. வருகிறது, ஆர்6 இரண்டு சொல்லியிருக்கிறேன். வந்ததும் வேரியக்கில் ஏற்றி ஆம்பியர் அளவை இங்கே போடுகிறேன்.


ரொறன்ரோ உருளை எழுதியது:

9.52 எண்டால் சரி. தண்ணிக் குழாய் அளவையும் சேத்துப் போடுங்கோ, ஹோஸோடையும் இல்லாமலும். ஆம்பியரை எடுக்கேக்கை வாயைத் திறந்து ஒருக்கா, பொத்தி ஒருக்கா அளவுங்கோ. திறந்த அளவைத்தான் டிரான்ஸ்பார்மர் கணக்குக்கு எடுக்கவேணும், அதுதான் கூட.